தத்தெடுத்த குடும்பமும் வருமான வரியும்: சட்டம் தருவது எது, தராதது எது?

சென்ற ஆண்டு எங்கள் குழந்தைகள் பிரிவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இதயத்தில் உள்ள துளையை அடைக்கும் அறுவைச் சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்டாள். அறுவைக்கு முந்தைய மாலை, ஒப்புதல் படிவத்தில் 'குழந்தைக்கு உறவு' என்னும் இடத்திற்கு வந்ததும் உடனிருந்த பெண்மணியின் கை நின்றது. 'தாய்' என்று எழுதினார். பிறகு அதை அடித்தார். "பெற்றவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமா டாக்டர், வளர்ப்பவர் போட்டால் போதாதா?" என்று கேட்டார்.

அச்சிறுமி அவருடைய அக்காளின் நான்காவது மகள். பிறந்த இருபதாம் நாள் தங்கையின் மடிக்கு வந்தவள். இரு குடும்பத்தாரும் மனமொப்பிச் செய்த காரியம் அது. ஆனால் கையில் இருந்ததோ இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்ட ஒரு முத்திரைத்தாள் மட்டுமே. பிறப்புச் சான்றிதழில் அக்காள், அத்தான் பெயர்களே இருந்தன. வளர்ப்புத் தந்தை பணிபுரியும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் ஏறவில்லை. பெற்ற தாய் தூத்துக்குடியிலிருந்து இரவோடிரவாகப் பயணம் செய்து வந்து கையொப்பமிட்டார். அவசர நிலை அன்று என்பதால் அறுவை இரண்டு நாள் தள்ளி நடந்தது, குழந்தை நலமடைந்தாள்.

வீடு திரும்பும் நாளில் வளர்ப்புத் தந்தை எங்களிடம் ஒரு வினாவை வைத்தார்: "இரண்டு ஆண்டுகளாக இவள் பள்ளிக் கட்டணத்தை என் வருமான வரிக் கணக்கில் கழித்து வருகிறேனே, அதுவும் தவறாகிவிடுமா?"

மகப்பேறின்மைச் சிகிச்சைப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் இதையொத்த வினாக்களை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். மருத்துவம் சார்ந்த வினா அன்று எனினும், அதன் விளைவு சிகிச்சை அறைக்குள் வந்து நிற்கிறது. ஆகவே இவ்விதழில் தத்தெடுப்புக்கும் வரிக்கும் உள்ள தொடர்பை எளிமையாக விளக்க முற்படுகிறோம்.

அமெரிக்க உறவினர் சொல்லும் செய்தி

தத்தெடுப்பு பற்றிய பேச்சு எழும்போது, "அமெரிக்காவில் தத்தெடுத்தால் அரசாங்கமே செலவைத் திருப்பித் தருகிறதாமே, நம் நாட்டிலும் உண்டா?" என்று தம்பதியர் கேட்பதுண்டு. அங்குள்ள உறவினர் தொலைபேசியில் சொன்னதாக இருக்கும். செய்தி பொய்யன்று, ஆனால் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கக் கூட்டரசின் வருமான வரிச் சட்டத்தில் தத்தெடுப்புக்கென்று தனியான ஒரு வரித்தள்ளுபடி உண்டு. 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது 1997 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு குழந்தைக்கு 5,000 டாலராக இருந்த உச்சவரம்பு, 2025-ஆம் வரியாண்டில் 17,280 டாலராக உயர்ந்துள்ளது. தத்து முகமைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றச் செலவு, அதன்பொருட்டு மேற்கொண்ட பயணம் ஆகிய நியாயமான செலவுகளை இதன்கீழ்க் காட்டலாம்.

இதற்குச் சில எல்லைகள் உண்டு. 2025-இல் ஆண்டு வருமானம் 2,59,190 டாலரைத் தாண்டினால் தள்ளுபடி படிப்படியாகக் குறைந்து, 2,99,190 டாலரில் முற்றிலும் நின்றுவிடும். செலுத்த வேண்டிய வரியே குறைவாக இருப்பவருக்கு முழுத்தொகையும் கையில் கிடைக்காது. 2025 முதல் 5,000 டாலர் வரை மட்டும் பணமாகத் திரும்பக் கிடைக்கும். எஞ்சியதை அடுத்த ஐந்து ஆண்டுகளின் வரியில் ஈடுசெய்து கொள்ளலாம். வாடகைத்தாய் முறைக்கான செலவுக்கும், வாழ்க்கைத் துணையின் குழந்தையைத் தத்தெடுக்கும் செலவுக்கும் இது பொருந்தாது. வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தால், தத்து முழுமையாக முடிந்த ஆண்டில்தான் கோர இயலும். சிறப்புத் தேவையுடையது என்று அந்நாட்டு மாநிலம் ஒன்று அறிவித்த குழந்தையைத் தத்தெடுப்போருக்கு, செலவு எவ்வளவாயினும் முழுத் தள்ளுபடியும் உண்டு.

இது அமெரிக்காவில் வரி செலுத்துவோருக்கான ஏற்பாடு. அங்கு வாழும் உங்கள் தம்பியோ மகளோ இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால், அவர்களுக்கு இது பயன்படலாம். ஆனால் நாடு கடந்த தத்து எதுவாயினும், உறவினர் குழந்தையே ஆயினும், மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தடையின்மைச் சான்று இன்றி நடைபெறலாகாது. இவ்வாணையத்தைச் சுருக்கமாகக் 'காரா' என்பர்.

தள்ளுபடி வேறு, கழிவு வேறு

இந்திய நிலையை அறியுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். வரித்தள்ளுபடி என்பது செலுத்த வேண்டிய வரியிலிருந்து நேராகக் குறைப்பது. வருமானக் கழிவு என்பது வரி கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைப்பது.

50,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்தால் 50,000 ரூபாய் வரி குறையும். 50,000 ரூபாய் கழிவு கிடைத்தால், 20 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு 10,000 ரூபாயும் அதன்மீதான 4 விழுக்காடு மேல்வரியும் சேர்த்து 10,400 ரூபாய் மட்டுமே குறையும். இரண்டையும் ஒன்றெனக் கருதியே பலர் எதிர்பார்ப்பைப் பெருக்கிக் கொள்கின்றனர்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய வருமான வரிச் சட்டத்தில் தத்தெடுப்புக்கென்று தனித் தள்ளுபடி இல்லை. குடும்ப ஆய்வுக்கும் தத்து நிறுவனத்திற்கும் செலுத்தும் கட்டணத்தை எந்தப் பிரிவின்கீழும் கழிக்க இயலாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு சிறு வரையறை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(15பி) பிரிவு, 'குழந்தை' என்னும் சொல் தத்தெடுத்த குழந்தையையும் வாழ்க்கைத் துணையின் முந்தைய மணத்துக் குழந்தையையும் உள்ளடக்கும் என்கிறது. பெற்ற குழந்தைக்காகப் பெற்றோர் பெறும் ஒவ்வொரு கழிவையும் தத்தெடுத்த குழந்தைக்காகவும் பெறலாம் என்பதே இதன் பொருள். தனிச் சலுகை தராத சட்டம் இவ்வாறு சமநிலையைத் தருகிறது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆகவே கீழே நாங்கள் குறிப்பிடும் பழைய எண்களைக் காட்டிலும், கழிவின் பெயரை நினைவிற்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் கேட்பது எளிது.

பழைய வரிமுறையில் கிடைக்கும் கழிவுகள்

கல்விக் கட்டணம் (80சி): இந்தியாவில் முழுநேரக் கல்வி பயிலும் இரண்டு குழந்தைகள் வரை கற்பிப்புக் கட்டணத்தைக் காட்டலாம். காப்பீட்டுத் தவணை, சேமநல நிதி முதலியவற்றோடு சேர்த்து மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். பள்ளி வளர்ச்சி நிதியும் நன்கொடையும் இதில் சேரா. பெண் குழந்தையாயின், பத்து வயது நிறையுமுன் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் இடும் தொகையையும் இவ்வரம்புக்குள் காட்டலாம்.

மருத்துவக் காப்பீட்டுத் தவணை (80டி): தமக்கும், வாழ்க்கைத் துணைக்கும், தம்மைச் சார்ந்த குழந்தைகளுக்குமாக 25,000 ரூபாய் வரை. இதற்குள் 5,000 ரூபாய் வரை நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கும் இடமுண்டு.

மாற்றுத்திறன் உடைய குழந்தையின் பராமரிப்பு (80டிடி): 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பின் 75,000 ரூபாய், 80 விழுக்காடும் அதற்கு மேலும் ஆயின் 1,25,000 ரூபாய். சிகிச்சை, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்குச் செலவு செய்திருந்தால் போதும். செலவின் அளவு எதுவாயினும் இத்தொகை மாறாது.

குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவு (80டிடிபி): புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபீலியா, தலசீமியா, 40 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை உண்டாக்கும் சில நரம்பியல் நோய்கள் ஆகியவற்றுக்கு 40,000 ரூபாய் வரை. காப்பீட்டிலிருந்து கிடைத்த தொகையைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். உரிய சிறப்பு மருத்துவரின் மருந்துச்சீட்டு கட்டாயம் தேவை.

உயர்கல்விக் கடன் வட்டி (80இ): செலுத்தத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை.

மூன்றாவதும் நான்காவதும் எங்கள் கையெழுத்தோடு தொடர்புடையவை. மாற்றுத்திறன் சான்றிதழையும், நோயின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடும் மருந்துச்சீட்டையும் வெளிநோயாளர் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் ஓடிவருவதைவிட, சிகிச்சை தொடங்கும்போதே கேட்பது நலம்.

ஒரு சுமையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பதினெட்டு வயது நிரம்பாத குழந்தையின் பெயரிலுள்ள வைப்புநிதியிலிருந்து வரும் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உடையவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். தத்தெடுத்த குழந்தைக்கும் இவ்விதி பொருந்தும். பழைய முறையில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு. சட்டம் வரையறுக்கும் மாற்றுத்திறன் உடைய குழந்தையின் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படாது.

பழைய முறையா, புதிய முறையா?

மேற்கண்ட கழிவுகளில் எதுவும் புதிய வரிமுறையில் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறையாகிவிட்டது. பழையதை விரும்புவோர் தாமே தெரிவு செய்ய வேண்டும். ஆதலால், 'குழந்தை வந்துவிட்டது, கழிவு கிடைக்கும்' என்று எண்ணிப் பழைய முறைக்கு மாறுமுன் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டு ஊதியம் 18,00,000 ரூபாய் பெறும் ஒருவர், செவித்திறன் குறைந்த குழந்தை ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறார் என்று கொள்வோம். பள்ளிக் கட்டணமும் சேமிப்பும் சேர்ந்து 1,50,000; மருத்துவக் காப்பீடு 18,000; மாற்றுத்திறன் கழிவு 75,000; நிலைக் கழிவு 50,000. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 15,07,000 ரூபாய். 2025-26 நிதியாண்டின் விகிதப்படி மேல்வரியோடு வரி 2,75,184 ரூபாய். அவரே புதிய முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவு மட்டும் பெற்று 17,25,000 ரூபாய்க்கு வரி கணக்கிட்டால் 1,50,800 ரூபாய். குழந்தைக்கான கழிவுகள் அனைத்தையும் இழந்தும் புதிய முறையே 1,24,384 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. வீட்டுக்கடன் வட்டி, வீட்டு வாடகைப்படி போன்ற பெரிய கழிவுகள் பலவும் சேர்ந்தாலன்றிப் பழைய முறை இவருக்கு ஆதாயம் தராது.

வரிக்குரிய வருமானம் 12,00,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு, ஊதியம் போன்ற பொதுவான வருமானத்தின் மீது 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் வரியே இல்லை. அத்தகையோர் கழிவுகளைத் தேடி அலைய வேண்டிய தேவையும் இல்லை.

அப்படியானால் இக்கட்டுரையை ஏன் எழுதுகிறோம் என்று நீங்கள் வினவலாம். வரிக் கழிவுக்கு அடிப்படையான அதே சட்டத் தகுதிதான் காப்பீட்டுக்கும், பணி விடுப்புக்கும், வாரிசுரிமைக்கும், எங்கள் ஒப்புதல் படிவத்தில் இடும் கையொப்பத்திற்கும் அடிப்படை. வரியில் இழப்பது சில ஆயிரங்களாக இருக்கலாம். மற்றவற்றில் இழப்பதைப் பணத்தால் ஈடுசெய்ய இயலாது.

காப்பீடும் விடுப்பும்

மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் 'சார்ந்த குழந்தை' என்பதற்குத் தரப்படும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுத் திட்டமான ஆரோக்ய சஞ்சீவனியில், மூன்று மாதம் முதல் இருபத்தைந்து வயது வரையிலான 'பெற்ற அல்லது சட்டப்படி தத்தெடுத்த' குழந்தைகளைச் சேர்க்கலாம் என்றுள்ளது. 'சட்டப்படி' என்னும் சொல்தான் இங்கு முதன்மையானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ குடும்ப அட்டையே குடும்பத்தை அடையாளம் காட்டுகிறது. எனவே தத்து ஆணை கிடைத்ததும் குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்த்து, காப்பீட்டுப் பதிவையும் புதுப்பித்துக் கொள்ளுங்கள்.

விடுப்பைப் பொறுத்தவரை, மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கும் தாய்க்கு, குழந்தை கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 12 வாரம் விடுப்பு அளித்தது. சட்டப்படியான தத்து நடைமுறை முடிவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் மூன்று மாதத்தைக் கடந்துவிடுகின்றனர். ஆகவே இவ்வயது வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. உங்கள் நிறுவனத்தில் இன்றுள்ள விதி யாது என்பதைப் பணியாளர் பிரிவில் எழுத்து மூலம் கேட்டறியுங்கள். மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்கள், உயிருடன் உள்ள குழந்தைகள் இருவருக்குக் குறைவாக இருப்பின், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும்போது 180 நாள் விடுப்புப் பெறலாம். ஆண்களுக்கு 15 நாள். தமிழக அரசுப் பணியாளருக்குத் தனி விதிகள் உள்ளன.

செல்லத்தக்க ஆவணம் எது?

நம் நாட்டில் தத்தெடுக்க இரண்டு சட்ட வழிகள் உள்ளன.

முதலாவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். எம்மதத்தவரும் இவ்வழியில் தத்தெடுக்கலாம். 2014-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. காராவின் இணையதளத்தில் பதிவு செய்தபின், சமூகப் பணியாளர் இல்லம் வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். தம்பதியராயின் இரண்டாண்டு நிலையான மணவாழ்வு தேவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி இருவரின் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டலாகாது. குழந்தையின் வயது கூடக்கூட இவ்வரம்பும் உயரும். கட்டணங்கள் விதிகளின் அட்டவணையில் வரையறுக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் நன்கொடை என்ற பெயரில் எதுவும் தர வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அவ்வாணை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் உங்கள் குழந்தை. அதற்கு முன் வளர்ப்புப் பராமரிப்பில் வீட்டுக்கு வந்திருந்தாலும், வரிக் கணக்கிற்கு ஆணையின் நாளே முக்கியம். ஆணையைக் கொண்டு உங்கள் பெயர் பொறித்த பிறப்புச் சான்றிதழைப் பெறலாம்.

இரண்டாவது, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு உரியது. பொதுவாகக் குழந்தை பதினைந்து வயது நிரம்பாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும். ஏற்கெனவே மகன் உள்ளவர் மகனையோ, மகள் உள்ளவர் மகளையோ தத்தெடுக்க இயலாது. கொடுப்போரும் ஏற்போரும் மெய்யாகவே குழந்தையைக் கொடுத்து ஏற்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. பதிவு இன்றியும் தத்து செல்லலாம் என்றாலும், இரு தரப்பும் ஒப்பமிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால்தான், தத்து சட்டப்படி நடந்தது என்று நீதிமன்றம் முன்னூகமாகக் கொள்ளும். வெறும் முத்திரைத்தாளோடு நிற்பவர்மீது மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் விழும். நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பம் இந்நிலையில்தான் இருந்தது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

மகப்பேறின்மைச் சிகிச்சைக்காகப் பல ஆண்டுகள் அலைந்து சோர்ந்தவர்களிடம், 'ஓரிடத்தில் குழந்தை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் உங்கள் பெயரிலேயே வாங்கித் தருகிறோம்' என்று அணுகும் இடைத்தரகர்கள் உண்டு. நீண்ட காத்திருப்புப் பட்டியலைக் கண்டு மனம் தளர்ந்திருக்கும் வேளையில் இச்சொல் ஆறுதலாகத் தோன்றும். தயவுசெய்து செவிசாய்க்க வேண்டாம். சட்ட நடைமுறை இன்றி, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்கு உரியது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனைப் பணியாளர் அதைச் செய்தால் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை நீளும். மருத்துவமனையில் எவரேனும் உங்களிடம் இவ்வாறு பேசினால், உடனே பிரிவு மருத்துவரிடமோ, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவியுங்கள்.

வளர்க்க இயலாத நிலையில் உள்ள தாய்க்கும் மானமுள்ள வழி உண்டு. தமிழகத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசமும் தரப்படும். அப்பெண்ணை யாரும் குற்றவாளியாகப் பார்க்கலாகாது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது

காராவின் வழியில் ஒரு குழந்தையின் விவரம் உங்களுக்குக் காட்டப்படும்போது, 48 மணி நேரத்திற்குள் அக்குழந்தைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். அதன்பின் ஏற்பதற்கு முன், குழந்தையின் மருத்துவ அறிக்கையை நீங்கள் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக் கருத்துப் பெற விதிகள் இடமளிக்கின்றன. இந்த உரிமையைப் பலர் அறிவதில்லை.

'சிறப்புத் தேவை' என்று குறிக்கப்பட்ட குழந்தைகள் பலரின் குறைபாடு சிகிச்சையால் பெரிதும் சரியாகக் கூடியது. உதட்டுப்பிளவு, வளைபாதம், இதயத்தில் சிறு துளை ஆகியவற்றுக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கண்டு அஞ்சி மறுப்பதும், விளங்காமலே ஏற்றுப் பின்னர் கலங்குவதும் தவிர்க்கத்தக்கவை. எத்தனை அறுவை, எவ்வளவு காலப் பயிற்சி, என்ன செலவு, எந்தத் திட்டம் அதை ஏற்கும் என்று எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடையறிந்து எடுக்கும் முடிவு எதுவாயினும் அது நல்ல முடிவே.

ஆவணக் கோப்பு

தத்து முடிந்ததும் கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது ஒரு நகல் உடனிருக்கட்டும்.

1. தத்து ஆணை அல்லது பதிவு செய்த சுவீகாரப் பத்திரம்.
2. தத்துப் பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ். ஆதார், குடும்ப அட்டை நகல்.
3. காப்பீட்டு நிறுவனத்திற்கும் பணியிடத்திற்கும் குழந்தையைச் சேர்க்கக் கொடுத்த கடிதமும் அதற்கான ஒப்புகையும்.
4. தடுப்பூசி அட்டை, தத்து நிறுவனம் தந்த மருத்துவ அறிக்கை.
5. தேவைப்படின் மாற்றுத்திறன் சான்றிதழ், சிறப்பு மருத்துவரின் மருந்துச்சீட்டு.
6. பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை ஆகியவற்றின் ரசீதுகள்.

வரி விகிதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. கணக்கை இறுதியாக்குமுன் ஆடிட்டர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். தத்து நடைமுறை பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கட்டணமின்றி வழிகாட்டும். எங்கள் மருத்துவ சமூகப் பணிப் பிரிவும் உங்களுக்குத் துணைநிற்கும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தந்தையின் வினாவுக்கு நாங்கள் அளித்த விடை இதுவே: "வரியைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்; அதற்கு முன் சார்பதிவாளரிடம் செல்லுங்கள்." இரு குடும்பத்தாரும் அவ்வாறே சென்று சுவீகாரப் பத்திரத்தைப் பதிவு செய்தனர். ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது குழந்தையின் பெயர் நிறுவனக் காப்பீட்டில் ஏறியிருந்தது. வெளிநோயாளர் படிவத்தில் 'உறவு' என்னும் இடத்தில் அந்தப் பெண்மணி 'தாய்' என்று எழுதினார். இம்முறை அடிக்கவில்லை.